கரையில் சொல்லக் கூடாத அடையாளம்

முகத்துவாரக்குப்பம்,
ஞாயிறு காலை.

அன்பு மகள் மகிழினிக்கு அம்மா பூவம்மா எழுதுவது. நானும் உன் தம்பி ரஞ்சித்தும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம், அயர்லாந்துக் குளிரில் நீ எப்படி இருக்கிறாய், ஆஸ்பத்திரியில் டூட்டி கொஞ்சமாவது குறைந்ததா. உடம்புக்குக் குறையில்லை என்றுதான் எழுதினேன், மனசைப் பற்றிக் கேட்காதே. போனில் சொன்னால் நீ அழுவாய், நீ அழுதால் எனக்குக் கோபம் வரும், பாதியில் கட் பண்ணிவிடுவாய், அதனால்தான் தேவகிருபை டீச்சரிடம் பேப்பர் வாங்கி எழுத உட்கார்ந்தேன். அவர் இதைப் போட்டோ பிடித்து உனக்கு அனுப்பி வைப்பார். முழுசாகப் படி, நடுவில் போன் போடாதே.

மூன்று வாரம் முன்னால் இன்டர்நெட் பத்திரிகையில் உன் கதை வந்ததே, நூறு வருஷம் கழித்து நம்ம குப்பம் கடலுக்குள் போய்விட, ஜனங்கள் எல்லாம் பவர் ஹவுஸ் சிம்னிக்குள் மாடி மாடியாகக் குடியிருக்கிற கதை, அதை நான் மீன் ஏலத்துக்கு வந்த அத்தனை பேரிடமும் பெருமையாகச் சொன்னேன். என் வாய்தான் முதல் தப்பு. அந்தக் கதையில் ஒரு பொண்ணு கடலுக்கு அடியில் மீன் அடைகிற பாறைத் திட்டை, நாம் பார் என்கிறோமே, அதைத் தேடிப் போகிறாள் இல்லையா, படகிலிருந்து பார்த்தால் எந்தச் சிம்னி எந்தக் கோபுரத்துக்குப் பின்னால் மறைய வேண்டும், தெற்கே எது எதோடு சேர வேண்டும் என்று ஒன்று விடாமல் எழுதியிருக்கிறாயே, அது உன் நைனாவின் பார் ஆச்சே கண்ணு. அந்த அடையாளத்தை அப்பன் மகனுக்குப் படகில் வைத்துத்தான் சொல்வான், கரையில் சொல்ல மாட்டான். இருபத்தெட்டு வருஷம் அவரோடு குடும்பம் நடத்திய எனக்கே தெரியாது, உன் கதையைப் படித்துத்தான் தெரிந்துகொண்டேன்.

பத்தே நாளில் அங்கே வேற குப்பத்து ஃபைபர் படகு ஏழு நிற்கிறது. அதில் ஒருத்தன் உன் கதையைப் போனில் எடுத்து ரஞ்சித்திடமே காட்டிச் சிரித்திருக்கிறான். இரண்டு கூடை சங்கரா மீன் கொண்டு வருகிற பிள்ளை குழம்புக்குக் கூடத் தேறாமல் வந்தான். தட்டைத் தள்ளி வைத்தான். பொட்டப் புள்ளைய படகுல ஏத்திகினு போனாரே நைனா, அதான் தப்புன்னான். செத்துப்போன மனுஷனைச் சொன்னதும் நான் கரண்டியை ஓங்கிவிட்டேன்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஊர்க்கூட்டம் போட்டார்கள். ஆளாளுக்குத் தனியாக ஒரு பார் இருக்கிறதே, எல்லாருக்கும் பயம் வந்துவிட்டது. உன் பொண்ணுக்கு இன்னும் இன்னா இன்னா தெரியும், அடுத்தாப்ல யார் வூட்டுச் சோத்துல மண்ணு போடப் போறான்னு கேட்டார்கள். கதையை எடுத்துவிட்டு இனி இந்தக் குப்பத்தைப் பற்றி ஒரு எழுத்து எழுத மாட்டேன் என்று நீ சொல்ல வேண்டும், இல்லையென்றால் எங்களை ஊரை விட்டு விலக்க வேண்டும் என்று பேச்சு போனது. விலக்கினால் ரஞ்சித் பிடிக்கிற மீனை யாரும் ஏலம் கூற மாட்டார்கள், எனக்கும் விற்க ஒரு கூடை மீன் யாரும் தர மாட்டார்கள். அப்போது தேவகிருபை டீச்சர் எழுந்து, கதையைத் திட்டுகிற ஒருத்தரும் அதைப் படிக்கவில்லை, படிக்காமல் தண்டனை போடலாமா என்று கேட்டார். ஊர்ப் பெரியவர் மண்ணாங்கட்டி மாமா சரி, படின்னார்.

டீச்சர் மைக்கில் படித்தார், மகிழு. முதலில் ஒரே முணுமுணுப்பு. சிம்னிக்குள் வீடு வந்ததும் சிரிப்பு, மேல் மாடி யாருக்கு என்று பொம்பளைகள் சண்டையே போட ஆரம்பித்துவிட்டார்கள். ஐப்பசியில் நீரோட்டம் தெற்கேதான் ஓடும், பொண்ணு தப்பா எழுதிகீதுன்னு ஒருத்தர் கத்தினார். அதற்கப்புறம் அந்தப் பொண்ணு பாருக்குப் போய்ச் சேர, அங்கே அவள் நைனா உட்கார்ந்து வலை பின்னிக்கொண்டே, சாப்டியாம்மா என்று கேட்கிற இடம் வந்தது. ரஞ்சித் எழுந்து வெளியே போய்விட்டான். உன் நைனா செத்தது கொரோனாவில் விமானம் ஓடாத மாசம், நீ கடைசியாக அவர் முகத்தைப் பார்க்க வர முடியவில்லை, நாங்கள் போனில்தான் காட்டினோம். அவர் பாரின் அடையாளத்தை மட்டும் நீ ஏன் மாற்றாமல் எழுதினாய் என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது, ஊர் முன்னால் அழுதுவிட்டேன்.

மண்ணாங்கட்டி மாமா மைக்கை வாங்கி, மீன நடக்க வெச்சு, சிம்னிக்குள்ள வூடு கட்டி, இம்மாம் பொய் எழுதத் தெரிஞ்ச பொண்ணுக்கு அந்த ஒரு எடத்துல பொய் எழுதத் தெரிலியான்னு கேட்டார். உடனே ஒருத்தன், பாருக்குப் பதிலா பழைய கப்பல் இரும்பு கிடக்கிற இடத்து அடையாளத்தை எழுதச் சொல்லு, இனி வருகிறவன் வலை எல்லாம் கிழியட்டும் என்றான், கைதட்டினார்கள். நான் எழுந்து முடியாது என்று சொல்லிவிட்டேன். அவங்க வூட்லயும் உலை வைக்கணும், என் பொண்ணு யார் வலையையும் கிழிக்க எழுத மாட்டான்னு சொன்னேன். எனக்கு எங்கிருந்து தைரியம் வந்ததோ. மாமா என்னை முறைத்துப் பார்த்துவிட்டு, கடலில் எங்குமே இல்லாத அடையாளமாக எழுதட்டும், புதன்கிழமைக்குள் மாற்றவில்லை என்றால் வியாழக்கிழமை பூவம்மா ஏலத்துக்கு வரக் கூடாது என்று முடித்தார். கதை இருக்கலாம், நீயும் எழுதலாம்.

நீ இருக்கிற அயர்லாந்துப் பக்கம் ஏதோ கிராமத்தில் பேய்க்கதை, வருங்காலக் கதை எழுதுகிறவர்களுக்கு வீடு கொடுத்துச் சோறு போட்டு எழுதச் சொல்கிறார்கள் என்று முன்பு சொன்னாயே. நம்ம ஆட்கள் கூட்டம் போட்டுத் திட்டுவார்கள், அவ்வளவுதான். ஆனால் நேற்று ஏலத்தில் நாலு பேர் என் கையைப் பிடித்து, ஆத்து முகத்துவாரம் மண்ணடைத்துக் கிடந்த வருஷம் ராத்திரியில் தண்ணிக்குள்ளிருந்து வெளிச்சம் வந்தது, அதையும் பொண்ணுகிட்ட சொல்லு என்கிறார்கள். நீரோட்டத்தையும் திருத்திவிடு, அது ஊர் மானம்.

புதன்கிழமையை மறக்காதே, கெஞ்சிக் கேட்கிறேன். வேளைக்குச் சாப்பிடு, காதை மூடிக்கொண்டு வெளியே போ. கடலம்மா உன்னைக் கைவிட மாட்டாள், நல்லா இரு, நிறைய எழுது.

இன்னொன்று. நேற்று ரஞ்சித் கரைக்கு வந்ததும் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். இந்த நாட்களில் அலைந்து திரிந்து சின்னதாக ஒரு பார் கண்டுபிடித்திருக்கிறானாம், யாருக்கும் தெரியாதாம். எங்கே என்று கேட்டேன். கரையில சொல்ல மாட்டேன், லெட்டர்லயும் வாணாம், அக்காவ லீவு போட்டுகினு வரச் சொல்லு, படகுல ஏத்திகினு போயி நானே காட்டுறேன்னான்.

உன் வரவுக்குக் காத்திருக்கும்,
அம்மா பூவம்மா.