உன் குழம்பைப் பழித்த வரம்

என் புஷ்பாவுக்கு,

உயிரோடு இருந்தபோது உன்னை நான் ஒருநாளும் ‘என்’ போட்டுக் கூப்பிட்டதில்லை. நாத்தனார் அப்படிக் கூப்பிட்டால் ஊர் சிரிக்கும். இப்போது நீ கல்லறையில் இருக்கிறாய், நான் பாப்பாரப்பட்டியில் வாங்கிய நோட்டில் எழுதுகிறேன். யார் என்ன சொல்லிவிட முடியும்?

முதலில் உன் புருசன் சேதி. நீ போனபின் என் தம்பி செல்வராசு பேசுவதை நிறுத்திவிட்டான். அடக்கத்துக்கு வந்தவர்களுக்குத் தலையாவது ஆட்டினான். முப்பதாம் நாள் பூசை முடிந்ததும் அதையும் விட்டுவிட்டான். கோயிலுக்கு வருவதில்லை. ஒரு ஏக்கர் சாமந்தி செடியிலேயே காய்ந்தது. உங்கள் மகள் பெங்களூரிலிருந்து போன் போட்டால் காதில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்பான். அவள் அழுதுவிட்டு வைத்துவிடுவாள். எனக்குப் பயமாக இருந்தது புஷ்பா. இப்படியே இவனும் போய்விடுவானோ என்று.

அந்தச் சமயத்தில்தான் நம் கோயிலில் மூன்று நாள் தியானம் நடந்தது. வெளியூரிலிருந்து வந்த போதகர், தூய ஆவியானவர் ஒவ்வொருவருக்கும் ஒரு வரமாவது கொடுத்திருக்கிறார் என்றார். ஆளுக்கொரு தாள் கொடுத்து அவரவர் வரத்துக்கு நேராக டிக் போடச் சொன்னார். போதிக்கும் வரம், குணமாக்கும் வரம், இறைவாக்கு, யாருக்கும் புரியாத மொழியில் வரும் பரவசப் பேச்சு, ஆறுதல் சொல்லுதல், விருந்தோம்பல். நான் இரண்டு தடவை படித்தேன். எனக்கு ஆண்டவர் கொடுத்தது வாய் ஒன்றுதான் என்று தெருவுக்கே தெரியும். அது தாளில் இல்லை.

மூன்றாம் நாள் எல்லாரும் கையை உயர்த்திச் செபிக்கும்போது, நாக்கைக் கட்டாதீர்கள், வருவது வரட்டும் என்றார் போதகர். நானும் விட்டேன். வந்தது புஷ்பா! எனக்கே புரியாத வேகத்தில் கடகடவென்று வந்தது. உடம்பு சிலிர்த்தது. பக்கத்தில் இருந்தவர்கள் விலகி இடம் விட்டார்கள். போதகர் கண்ணை மூடியபடி, இதற்குப் பொருள் சொல்லும் வரம் பெற்றவர் யாராவது இருக்கிறீர்களா என்று கேட்டார்.

லூர்தம்மா எழுந்து நின்றாள். அவள் வீட்டில் கன்னடம்தான் பேசுவார்கள், உனக்குத் தெரியும்.

“எரும அவரக் காட்டுல பூந்துடுச்சு, சீக்கிரம் ஓட்டுன்னு சொல்றாங்க சாமி.”

ஒகேனக்கல்லுக்கு அக்கரையில் மாமா வூட்டில் எருமை மேய்த்தபோது நான் கற்ற கன்னடம் அது. ஐம்பது வருடமாக உள்ளே கிடந்து, அன்று பார்த்து வெளியே வந்திருக்கிறது. அதற்கப்புறம் செபக்கூட்டம் சரியாக நடக்கவில்லை. பாடல் குழுவால் பாட முடியவில்லை. எனக்கு எந்த வரமும் இல்லை என்று தாளை மடித்துக் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன்.

ஆறுதல் சொல்லும் வரத்துக்கு டிக் போட்ட மூன்று பெண்களைப் பங்குச் சாமியார் முதலில் நம் செல்வராசுவிடம்தான் அனுப்பினார். இரண்டு பாட்டுப் பாடி, தலையில் கைவைத்துச் செபித்தார்களாம். அவன் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தானாம். அவர்கள் கிளம்பியதும் கதவைச் சாத்திக்கொண்டானாம்.

மறுநாள் மத்தியானம் நான் களியும் கீரைக் குழம்பும் எடுத்துக்கொண்டு போனேன். ஒரு வாய் வைத்தான். தட்டைத் தள்ளினான். எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு கோபம் வந்ததோ.

“எறங்கலையா? புஷ்பா வச்ச கொழம்புக்கு இது எவ்வளவோ தேவலாம்டா. அவளுக்கு உப்பும் தெரியாது, புளியும் தெரியாது.”

சொன்ன மறுநொடி என் வாயை நானே பொத்திக்கொண்டேன். செத்துப்போனவளைப் பற்றியா இப்படிப் பேசுவது?

அவன் தலை நிமிர்ந்தது.

“யக்கா, அவ கொழம்பப் பத்திப் பேசாத. நீ வச்சிருக்கறது மாட்டுக்குக்கூட ஆவாது.”

இரண்டு மாதம் கழித்து முதல் பேச்சு. நான் விடுவேனா? நீ களி கிண்டினால் கட்டி தட்டும் என்றேன். உன் ரசத்தில் மீன் விடலாம் என்றேன். அவன் ஒவ்வொன்றுக்கும் எழுந்து நின்று பதில் சொன்னான். நீ துவரையை வறுக்கும்போது வாசம் தெருமுனை வரைக்கும் வரும் என்றான். உனக்குக் காய்ச்சலாக இருந்த நாளில்கூட அவனுக்குச் சூடாகப் போட்டாயாமே, அதையும் கத்திச் சொன்னான். அரைமணி நேரம். பிறகு உட்கார்ந்து அழுதான். அழுதுகொண்டே மாட்டுக்கு ஆகாத குழம்பை வழித்துச் சாப்பிட்டான்.

முப்பது வருடம் நான் உன்னைப் பேசாத பேச்சில்லை. ஒரு தடவையாவது உனக்காக இவன் வாயைத் திறந்திருக்கிறானா? இப்போது திறக்கிறான். உனக்குக் கேட்டதா?

உன்னைப் பழித்தது மனசை உறுத்தியது. சனிக்கிழமை பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். திரைக்கு அந்தப் பக்கம் விடாமல் இருமினார். சிரிப்பை அடக்குகிறார் என்று பிறகுதான் புரிந்தது.

“தம்பி சாப்பிட்டாருங்களா?”

“முழுசாச் சாப்பிட்டான் சாமி.”

“அப்ப அதுதாம்மா உங்க வரம். பாவம்னு நெனச்சு இங்க கொண்டாந்துட்டீங்க.”

வரம் கிடைத்த தெம்பில் அடுத்த வாரமே மனைவியை இழந்த ஓர் ஓய்வு வாத்தியார் வீட்டுக்குப் போய் அந்த அம்மாவைப் பழிக்க ஆரம்பித்தேன். அவர் என்னை வெளியே போகச் சொல்லிக் குடையை எடுத்துவிட்டார். வரம் இருந்தால் மட்டும் போதாது, பழக்கவும் வேண்டும் என்றார் சாமியார். இப்போது முதல் இரண்டு தடவை வாயைத் திறப்பதில்லை. போய் உட்கார்ந்து, யாரை இவர்கள் விட்டுக்கொடுக்கவே மாட்டார்கள் என்று பார்க்கிறேன். எனக்குச் சும்மா உட்காருவது எவ்வளவு கஷ்டம் என்று உனக்குத் தெரியாதா? தொப்பூர் கணவாயில் லாரி மோதி மகனைப் பறிகொடுத்த ஒரு தாயின் வீட்டில் மட்டும் கடைசிவரை சண்டையே போடவில்லை. பாத்திரம் கழுவி வைத்துவிட்டு வந்தேன். அதுவும் வரத்தில் சேருமா என்று சாமியாரிடம் இன்னும் கேட்கவில்லை.

செல்வராசு இப்போது ஞாயிறு பூசைக்கு வருகிறான். மகளிடம் பத்து நிமிடம் பேசுகிறான், பாதி நேரம் என்னைப் பற்றிப் புகார்தான். வெள்ளிக்கிழமைதோறும் நான் சோறு கொண்டுபோகிறேன். உன் சமையலை இழுக்கிறேன், அவன் சண்டைக்கு வருகிறான், சாப்பிடுகிறான்.

புஷ்பா, உன் குழம்பு நன்றாகத்தான் இருந்தது. உங்கள் வூட்டுக்கு வரும்போதெல்லாம் இரண்டாம் தடவை கேட்டு வாங்கியது உன்னைச் சோதிக்க இல்லை. இதை உன்னிடம் மட்டும் ஒத்துக்கொள்கிறேன். அவன் உயிரோடு இருக்கும்வரை அவனிடம் சொல்ல மாட்டேன். இது ஆண்டவர்மேல் சத்தியம்.

இப்படிக்கு,
முப்பது வருடம் உன்னை ஒரு வார்த்தை நல்லதாகச் சொல்லாத உன் நாத்தனார்,
ஆரோக்கியமேரி