ஐஸ் கம்பெனியில் கோழித் தண்ணீர்

786

பாம்பன்

என் அருமை மகள் தஸ்னீமுக்கு உன் உம்மா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் இங்கே நானும் கோழிகளும் மழையில் நனைந்தபடி நன்றாகவே இருக்கிறோம், அங்கே நீயும் மருமகன் இம்தியாஸும் உன் மாமியாரும் காய்ந்த விறகும் அணையாத அடுப்புமாகச் சுகமாக இருக்க துஆ செய்கிறேன். போனில் பேசினால் இரண்டு வார்த்தைக்குள் லைன் அறுந்துவிடுகிறது, அறுந்த இடத்தை ஆளாளுக்கு இஷ்டம்போல நிரப்பிக்கொள்கிறார்கள், அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். இதைக் கொண்டுவருகிற பிள்ளையின் பெயர் வினோத்குமார், முதுகுளத்தூர் பக்கம், ராணுவத்தில் இருக்கிறான், லீவு முடிந்து உங்கள் பனிமலைத் திராஸுக்கு அடுத்துள்ள முகாமுக்குத்தான் திரும்புகிறான். நம் ஊர்ச் சோறு மாதிரி ஏதாவது ஆக்கிப் போட்டு அனுப்பு. கூட இருக்கிற சாக்கு மூட்டைக்குள் டயரில் வெட்டிய தொட்டிகள் இருக்கின்றன, பார்த்துச் சிரிக்காமல் முதலில் இதைப் படித்து முடி.

நீ அழுதுகொண்டே போன் செய்தாயே, அன்று நான் போனை ஸ்பீக்கரில் போட்டிருந்தேன், என் காது மந்தமானது உனக்குத் தெரியும். பக்கத்தில் என் காக்கா, உன் முஹைதீன் மாமா உட்கார்ந்திருந்தது உனக்குத் தெரியாது. உம்மா, கோழி நாலு செத்துப்போச்சு, தண்ணி ஊத்துன கொஞ்ச நேரத்துல கல்லாப் போயிருது, கொத்திக் கொத்திப் பார்த்துட்டுச் சும்மா நிக்குதுக, என்னால முடியல என்றாய். அதோடு லைன் போய்விட்டது. மாமா அந்தக் கடைசி வார்த்தையை மட்டும் பிடித்துக்கொண்டார். சார்ஜாவில் நீ நர்ஸ் வேலை பார்த்த ஆஸ்பத்திரியில் வண்டி ஓட்டிய பையனை, மொழி தெரியாத மலைநாட்டுக்காரனைக் கட்டிக்கொள்கிறேன் என்று நீ வந்து நின்றபோது குடும்பத்தில் என்னைத் தவிர ஒருத்தரும் சரி என்று சொல்லவில்லை, நிக்காஹ் அன்றைக்கே மாமா, ஒரு குளிரு தாங்க மாட்டா, பார்த்துக்கிட்டே இரு என்று என்னிடம் சொன்னவர்தான். அந்தக் குளிருக்காகவே காத்திருந்தவர் மாதிரி எழுந்து நின்றார். நான் போயிக் கூட்டியாரேன், கீழக்கரையில ஒரு ஆஸ்பத்திரியில அவ வேலைக்குச் சொல்லி வச்சிருக்கேன், ஒரு வருசம் உன் வீட்டுல இருக்கட்டும், மத்ததப் பொறவு பேசிக்கலாம் என்றார். மற்றது என்றால் என்ன என்று கேட்டேன். அவர் செருப்பைத் தேடினார். அது என்னவென்று உனக்கும் புரியும், எனக்கும் புரிந்தது. எம் மக கோழித் தண்ணிக்கு அழுதா காக்கா, புருசனுக்கு அழுவல என்றேன். அதற்கு அவர், தண்ணியே நிக்காத ஊருல மனுசி எப்படி நிப்பா, பனிக்கட்டியப் பத்தி ஒனக்கு என்ன தெரியும், மீன் பெட்டியில பார்த்ததோட சரி என்று சொல்லிவிட்டுப் போனார். எனக்கு உள்ளே கொதித்தது. சரி, மீன் பெட்டிக்கு ஐஸ் எங்கே இருந்து வருகிறதோ அங்கேயே போய்ப் பார்த்துவிடுவது என்று முடிவு செய்தேன்.

அப்போது பாம்பனில் புயல் கூண்டு ஏற்றியிருந்தார்கள், போட்டுகள் எல்லாம் கரையில், ஐஸ் கம்பெனியில் வேலை மந்தம். அங்கே ஷிப்ட் பார்க்கிற சோணைமுத்து நம் வீட்டில் முட்டை வாங்குகிறவர். நான் கோழிக்குத் தண்ணீர் வைக்கிற பிளாஸ்டிக் டப்பா, ஒரு சில்வர் பேசின், ஒரு மண்சட்டி எல்லாவற்றையும் கூடையில் வைத்துக்கொண்டு போய் நின்றேன். விஷயத்தைச் சொன்னதும் அவர் சிரித்தார், மூட்டை தூக்குகிறவர்களும் சிரித்தார்கள். நான் சிரிக்காமல் நிற்பதைப் பார்த்துவிட்டு அவர் நிறுத்திக்கொண்டு, பாயம்மா, ஊரே ஐஸ் கேட்டு இங்கன வருது, ஐஸ் ஆகக் கூடாதுன்னு வந்த மொத ஆளு நீங்கதான் என்றார். ஆனால் உள்ளே விட்டார். ஐஸ் அடுக்கி வைக்கிற அறைக்குள் நுழைந்ததும் எனக்கு மூச்சு நின்றுபோனது தஸ்னீம். வாயிலிருந்து புகை வந்தது, மூக்கு நுனி என்னுடையது இல்லை போலிருந்தது, விரலை மடக்க முடியவில்லை. நீ எங்கே இருக்கிறாய் என்பது அப்போதுதான் எனக்கு உடம்பில் தெரிந்தது. அதுவரை திராஸ் எனக்கு உன் வாட்ஸ்அப் போட்டோவில் இருக்கிற வெள்ளை மலை, அவ்வளவுதான். மறைக்காமல் சொல்கிறேன், அந்த அறைக்குள் நின்றபோது காக்கா சொல்வதுதான் சரியோ, பிள்ளையை இதற்குள் அனுப்பிவிட்டேனோ என்று நினைத்துவிட்டேன். வெளியே வந்து வெயிலில் நின்ற பிறகும் அந்த நினைப்பு போகவில்லை. இருந்தாலும் சட்டிகளை உள்ளே வைத்துவிட்டுத்தான் வந்தேன்.

சோணைமுத்துவின் தம்பி மகன்தான் இந்த வினோத்குமார். சித்தப்பாக்கள் வீடு, பெரியப்பா வீடு என்று லீவுக்குச் சுற்ற வந்தவன், நாங்கள் செய்கிற கூத்தைக் கேள்விப்பட்டுப் பார்க்க வந்தான். இந்த ரூம் குளிரெல்லாம் அங்கன ஒண்ணுமே இல்ல பெரியம்மா, அங்கன வெளிய வச்ச டீ குடிக்கிறதுக்குள்ள ஓரத்துல ஐஸ் கட்டிரும் என்று சொன்னான். உடனே சோணைமுத்துவுக்கும் பிடிவாதம் வந்துவிட்டது. ஐஸ் கட்டுகிற கேன்களை இறக்கும் உப்புத் தண்ணீர்த் தொட்டிதான் கம்பெனியிலேயே குளிர் அதிகமான இடம், அதற்குள் ஒரு கேனை வெறுமையாக இறக்கி அதன் அடியில் என் சட்டிகளை ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தோம். சில்வர் பேசின்தான் எல்லாவற்றுக்கும் முன்னால் உறைந்தது. மண்சட்டி இரண்டாகப் பிளந்துவிட்டது. நீ அங்கே வைத்திருக்கிற மாதிரியான பிளாஸ்டிக் டப்பா கழுத்தில் விரிசல் விட்டது, ஐஸைப் பெயர்க்கத் தட்டியபோது மிச்சமும் உடைந்தது. தொட்டித் தண்ணீர் உப்பாக இருப்பதால்தானே உறையவில்லை, கோழிக்கும் கொஞ்சம் உப்புப் போட்டு வைத்தால் என்ன என்று சோணைமுத்து கேட்டார், கோழி உப்புத் தண்ணீர் குடித்தால் நாம் சட்டியை மாற்ற வேண்டியிருக்காது, கோழியே இருக்காது என்றேன். நீயும் யார் சொன்னாலும் அதைச் செய்யாதே. பிறகு அவர் உப்புத் தண்ணீரைச் சின்ன பாட்டிலில் அடைத்து மிதக்கவிட்டுப் பார்த்தார், அது ஆடிக்கொண்டிருந்த வரை மேலே பாளம் கட்டக் கொஞ்சம் தாமதமானது, அவ்வளவுதான். மீன் அனுப்புகிற தெர்மாகோல் பெட்டிக்குள் பேசினை இறக்கி வைத்தது நன்றாகவே தாக்குப்பிடித்தது, கடைசியில் அதுவும் உறைந்தது. கடைசியாக, ஆட்டுக்குத் தண்ணீர் வைக்கப் பஞ்சர் கடையில் பழைய டயரை வெட்டிச் செய்து தருகிற தொட்டியை வாங்கிக்கொண்டு போனேன்.

தண்ணீர் ஊற்றிக் கேனுக்குள் இறக்கியிருந்த அதை வெளியே தூக்குகிற நேரம் பார்த்து மாமா வந்து சேர்ந்தார். யாரோ போய்ச் சொல்லியிருக்கிறார்கள், உன் தங்கச்சி ஆம்பளைகளுக்கு நடுவுல ஐஸ் கம்பெனியில சட்டி வச்சு வெளையாடிக்கிட்டு இருக்கு என்று. முகம் சிவந்திருந்தது. நம்ம குடும்பத்துப் பொம்பள நிக்கிற எடமா இது, வீட்டுக்கு வா என்றார். வாரேன் காக்கா, இது ஒண்ணு பாக்கி என்றேன். எல்லோரும் வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அவரே குனிந்து டயர்த் தொட்டிக்குள் கையை வைத்துப் பார்த்தார். இறுகிப் போயிருந்தது. அவருக்கு முகமெல்லாம் வெளிச்சம். பார்த்தியா, இதுவும் கல்லாத்தான் இருக்கு, எத வச்சாலும் உறையத்தான் செய்யும் என்றார். அவர் சொன்னது உண்மைதான், எதுவுமே உறையாமல் இருக்கவில்லை. நான் அந்தத் தொட்டியை வாங்கித் தரையில் கவிழ்த்து, முதுகில் காலால் ஓங்கி ஒரு மிதி மிதித்தேன். ரப்பர் நெளிந்து கொடுத்தது, ஐஸ் தோசை மாதிரி முழுசாகக் கழன்று சிமெண்டில் ஓடியது. தொட்டிக்கு ஒரு கீறல் இல்லை. நிமிர்த்தி வைத்துக் குழாயில் தண்ணீர் பிடித்து அவர் முன்னால் வைத்தேன். உறையட்டும் காக்கா, எம் மக தட்டிட்டு ஊத்துவா, திரும்ப உறைஞ்சா திரும்பத் தட்டுவா என்றேன். அவர் குரல் தாழ்ந்துவிட்டது. அவ அங்கனயே கெடந்து கஷ்டப்படணுமா நூரு என்றார். பாசம் இல்லாமல் அவர் குதிக்கவில்லை என்பது எனக்குத் தெரியாதா. ஆனாலும் விட்டுக்கொடுக்கவில்லை. அவ வரணும்னு சொன்னா நானே போயிக் கூட்டியாருவேன், எனக்கு இந்தி தெரியாது, கைய காட்டிக் காட்டியாவது போயிச் சேருவேன், அவ சொல்லாம யாரும் எம் மகளக் கூட்டியார வேணாம் என்றேன். அவர் வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். சோணைமுத்து மட்டும் என்னிடம் டீ குடிக்கிறீங்களா பாயம்மா என்று கேட்டார். குடித்துவிட்டுத்தான் வந்தேன், நின்ற இடத்திலேயே.

இப்போது செய்ய வேண்டியதைக் கேள். மூட்டையில் இரண்டு தொட்டி இருக்கிறது, ஒன்றுக்குள் ஒன்றாக வைத்து நடுவில் கருவாடு கட்டியிருக்கிறேன், கருவாட்டை உன் மாமியார் முகர்ந்து பார்ப்பதற்கு முன்னால் எடுத்துவிடு. ஒன்று கோழிக்கு முன்னால் இருக்கும்போது மற்றது அடுப்புக்குப் பக்கத்தில் இருக்கட்டும், மாற்றி மாற்றி வை. காலையில் கூட்டைத் திறந்ததும் வெதுவெதுப்பான தண்ணீர், கொதிக்கிற தண்ணீர் வேண்டாம், பிறகு வெயில் ஏறும்போது ஒரு தரம், அடைவதற்கு முன்னால் ஒரு தரம். இருட்டினால் கோழி தண்ணீர் குடிக்காது, அதனால் ராத்திரி உறைகிறதே என்று எழுந்து எழுந்து போகாதே, தூங்கு. தொட்டியை வெயில் படுகிற சுவரோரம் வை, சுற்றி ஒரு பழைய டயரைப் போட்டு உள்ளே வைக்கோலை இறுக்கி அடை, ரோட்டுப் பனியை அள்ளுகிற வண்டி ஓட்டுகிற மருமகனுக்குப் பழைய டயரா கிடைக்காது. தெர்மாகோல் கிடைத்தால் வைக்கோலுக்குப் பதில் அதை அடைத்து மேலே பலகையால் மூடு, இல்லாவிட்டால் தீனியை விட்டுவிட்டு அதைக் கொத்தித் தின்னும், நம் வீட்டில் தின்றிருக்கிறது. கோழிகளின் கொண்டையில் குளிர் கடிக்காமல் தேங்காயெண்ணெய் தடவிவிடு. இம்தியாஸ் நாட்கணக்கில் ரோட்டில் நிற்கும்போது நீ தனியாகத் தூக்கிச் சுமக்க வேண்டாம், மாமியாரைக் கூப்பிடு, அந்த அம்மாள் எத்தனை குளிர் பார்த்திருப்பார், மொழி தெரியாவிட்டால் என்ன, கையில் தொட்டியைப் பார்த்தால் புரியாதா.

அன்றிலிருந்து மாமா வீட்டில் என்னோடு பேச்சு இல்லை. அவர் பேத்தி அம்ரீனுக்கு ஏர்வாடியில் கல்யாணம், ஊரெல்லாம் பத்திரிகை வைத்தார்கள், நம் வாசலைத் தாண்டிப் போய்விட்டார்கள். நான் போகத்தான் போகிறேன். நான் தூக்கி வளர்த்த பிள்ளை, அவள் கல்யாணத்துக்குப் போக எனக்குக் காகிதம் எதற்கு, முன் வரிசையிலேயே உட்காருவேன். இன்னொன்றும் சொல்ல வேண்டும், மாமா பிடிவாதத்தை விடவில்லை, கல்யாணம் முடிந்ததும் உன்னைக் கூட்டிவர லே வரைக்கும் விமானத்துக்கு டிக்கெட் போட்டுவிட்டார் என்று மாமி வேலியோரம் நின்று சொல்லிவிட்டுப் போனார். வந்தால் வரட்டும். வாசலில் நிற்க வைக்காதே, வயசானவர், மூச்சு வாங்கும், அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார வைத்து உன் கோழி இட்ட முட்டையைப் பொரித்துக் கொடு. மருமகனும் மரியாதையாகப் பேசட்டும். மாமா கேட்கிறதை எல்லாம் கேட்கட்டும், பதிலை நீ சொல், ஐஸ் கம்பெனியில் நான் சொன்ன பதிலை எடுத்துச் சொல்லாதே, அது என்னுடைய பதில். வருகிறேன் என்று உனக்குத் தோன்றினால் தாராளமாக வா, தோற்றுவிட்டாய் என்று எவளாவது சொன்னால் அவளை நான் பார்த்துக்கொள்கிறேன். இருக்கிறேன் என்றால் இரு, செத்த நாலுக்குப் பதிலாக வெயில் காலம் வந்ததும் குஞ்சு வாங்கு. ஆனால் மாமா இவ்வளவு தூரம் வந்துவிட்டாரே என்று சங்கடப்பட்டுக்கொண்டு மட்டும் அவர் பின்னால் கிளம்பி வராதே. அப்படி வந்தால் கதவைத் திறக்கமாட்டேன். திறப்பேன், திட்டிக்கொண்டே திறப்பேன்.

அல்லாஹ் உனக்கும் உன் வீட்டுக்கும் பரக்கத்தையும் நல்ல உடம்பையும் தரட்டும், ரோட்டில் இருக்கிற மருமகனைப் பத்திரமாக வீடு சேர்க்கட்டும். கோழிக் கூட்டுக்குள் கரி நெருப்பு வைத்துவிட்டு மட்டும் வராதே, வைக்கோல் பற்றிக்கொள்ளும். மாமியாருக்கு என் ஸலாத்தை அவர் மொழியிலேயே சொல்.

இப்படிக்கு,
அங்கே போனது நல்லதா என்று யார் கேட்டாலும் எம் மகளைக் கேளுங்கள் என்று சொல்லிக்கொண்டிருக்கிற உன் உம்மா,
நூர் நிஷா