மூச்சுக் கேட்கும் வேலை

அன்புள்ள அண்ணிக்கு,

நாங்கள் நலம். நீங்களும் பாப்பாவும் சுகம்தானே? கல்யாணப் பெண்ணைப் போய் இன்னும் பாப்பா என்கிறேன் பாருங்கள். உங்கள் கடிதம் போன வாரமே வந்தது. அவள் அப்பா இடத்தில் சித்தப்பா நான் வந்து நிற்க வேண்டும் என்று எழுதியிருந்தீர்கள். பதில் போடக் கை வரவில்லை. கோபித்துக்கொள்ளாதீர்கள்.

துறைமுகத்தில் வேலைக்குக் குறைவில்லை. கப்பல் அடியில் சிப்பி சுரண்ட இப்போது வேறு ஆட்கள் இறங்குகிறார்கள். நான் படகில் உட்காரும் வேலையை எப்போதோ விட்டுவிட்டு, ஸ்டோர் ரூமில் காற்றுக் குழாய்களைச் சோதித்துச் சுருட்டி வைக்கிறேன். கேட்கிறவர்களிடம் முழங்கால் வலி என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

ரத்த அழுத்தம் எகிறியதால் கம்பெனி டாக்டர் தியானம் பண்ணச் சொன்னார். பெரிய வித்தையெல்லாம் இல்ல, சும்மா உட்கார்ந்து மூச்சைக் கவனிங்க என்றார். எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. பதினோரு வருஷம் நான் பார்த்த வேலையே அதுதானே! அண்ணன் தண்ணீருக்கு அடியில் சிப்பி சுரண்டிக்கொண்டிருப்பார். நான் மேலே படகில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு அவர் மூச்சைக் கேட்டுக்கொண்டிருப்பேன். வேகமானால், மெதுவா இழுங்கண்ணே என்பேன். நீ என்னடா எனக்குப் பிரசவமா பாக்குற என்று கீழேயிருந்து கிண்டலடிப்பார்.

ஏழு மாதமாக வேலை தொடங்குமுன் ஸ்டோர் ரூம் நாற்காலியில் இருபது நிமிஷம் உட்காருகிறேன். ஒன்றிலிருந்து பத்து வரை மூச்சை எண்ண வேண்டும், தவறினால் மறுபடி ஒன்று. முதல் மாதம் மூன்றைத் தாண்டவில்லை. உட்கார்ந்துகிட்டே தூங்கறதுக்கு டாக்டர் சீட்டு வேற வாங்கிட்டீங்களா என்றாள் வீட்டுக்காரி. போகப் போக மனசு அடங்கியது. அடங்கினதும்தான் அது கேட்டது.

என் மூச்சு உள்ளே போகும்போது இன்னொரு மூச்சு வெளியே வருகிறது, முகமூடிக்குள்ளிருந்து விடுவது போல, கரகரவென்று. அத்தனை வருஷம் காதுக்குள் கேட்ட மூச்சு அண்ணி, எனக்கா தெரியாது? கண்ணைத் திறந்தால் இல்லை. மூடினால் இருக்கிறது. பயந்துபோய் நான்கு நாள் அந்தப் பக்கமே போகவில்லை. டாக்டரிடம் சொன்னேன். எது வந்தாலும் வரட்டும், எழுந்து ஓடாதீங்க, நாளைக்கும் உட்காருங்க என்றார். உட்கார்ந்தேன். தினமும் ஏழாவது எண்ணிக்கையில் அது நின்றுவிடுகிறது. பிறகு என் மூச்சு மட்டும்தான்.

இனியும் சுற்றி வளைக்க மாட்டேன். பதினான்கு வருஷத்துக்கு முன்னால், அன்றைக்கு, நான் ஹெட்போனைக் கழற்றி வைத்திருந்தேன். காதெல்லாம் வியர்வை. படகோட்டி ஏதோ கதை சொல்ல, விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டிருந்தேன். ஐந்து நிமிஷம் இருக்கும். திரும்ப மாட்டியபோது சத்தமே இல்லை. அண்ணனின் காற்றுக் குழாய் கப்பல் சுக்கானில் சிக்கி நசுங்கியிருந்தது. விபத்து என்று எழுதி முடித்தார்கள். படகோட்டியும் வாயைத் திறக்கவில்லை.

நீங்கள்தான் கேட்டீர்கள், கடைசியா என்ன சொன்னார் என்று. உங்கள் முகத்தைப் பார்த்ததும், பாப்பாவ நல்லா பாத்துக்கச் சொல்லு என்றார் என்று சொல்லிவிட்டேன். பொய் அண்ணி. அவர் என்னைத்தான் கூப்பிட்டிருப்பார். எத்தனை தடவை கூப்பிட்டாரோ, பாவி நான் கேட்கவில்லை. அந்த வார்த்தையைப் பாப்பா எழுதி மேசைக்கு மேலே ஒட்டியிருக்கிறாளாம். கல்யாணத்தன்று எல்லார் முன்னாலும் அதை என் வாயால் கேட்க வேண்டும் என்கிறாளாம். என்னால் முடியாது.

அவளிடம் சொல்வதா வேண்டாமா என்பது உங்கள் இஷ்டம். என்னைத் திட்டி எழுதுங்கள், இல்லை எழுதாமலே இருங்கள். இதைப் படித்த பிறகும் வா என்றால், கடைசி வரிசையில் நின்று பார்த்துவிட்டுப் போகிறேன். குழந்தை நூறு வருஷம் சந்தோஷமாக இருக்கட்டும்.

அந்த மூச்சைப் பற்றிச் சொன்னதிலிருந்து, இந்தத் தியானமே வேண்டாம், விட்டுடுங்க என்று வீட்டுக்காரி அழுகிறாள். விட மாட்டேன் அண்ணி. நாளைக்கும் போய் உட்காருவேன். நான் எழுந்து வந்துவிட்டால் அண்ணன் மூச்சைக் கேட்க அங்கே ஆளில்லை.

மன்னிப்புக் கேட்கத் துணிவில்லாத,
உங்கள் கொழுந்தன்