இல்லாத பழுது

மார்ச் 4, செவ்வாய்

அண்ணன் இன்று தட்டில் கையை வைத்தபடி சும்மா உட்கார்ந்திருந்தார். அண்ணி என்னைப் பார்த்தார், நான் அண்ணியைப் பார்த்தேன். எழவு ஒன்றும் விழவில்லை. கம்ப்யூட்டருக்கு வாங்கிய புதுப் பிராசசர் வேகம் பிடிக்கவில்லை, அவ்வளவுதான்.

எனக்குப் புரிந்தவரை சமாச்சாரம் இது. பெட்டியில் ஒரு வேகம் எழுதியிருக்கும். அந்த வேகத்தில் ஒழுங்காக ஓடும். அண்ணனுக்கு அது போதாது, அதற்கு மேலே முடுக்குவார். ஒரே மாடலில் சிலது தாங்கும், சிலது சூடேறி அப்படியே உறைந்துபோகும். எது கிடைக்கும் என்பது அவரவர் அதிர்ஷ்டம். பகலெல்லாம் லிஃப்ட் மெக்கானிக் வேலை, பலகையில் எழுதிய எடைக்கு மேல் ஒரு ஆளை ஏற்றவிட மாட்டார். வீட்டுக்கு வந்தால் இந்தக் கூத்து. யார் கம்ப்யூட்டர் அதிக வேகம் ஓடுகிறது என்று மாதக் கடைசியில் இணையத்தில் போட்டியாம். போன வருஷம் கடைசி இடம். அதை இவரே சிரித்துக்கொண்டு சொல்வார், ஆனால் சிரிப்பு கண்ணுக்கு ஏறாது.

போன மாதமும் ஒன்று வாங்கி, இதே காரணத்துக்காக நான் வேலை பார்க்கும் கடையில் திருப்பிக் கொடுத்தார். இது இரண்டாவது. நாளைக்கு என் கவுண்டருக்கு வருகிறாராம்.

வரட்டும். பதினாலு நாளுக்குள் திருப்பலாம் என்று சுவரில் எழுதி ஒட்டியிருப்பது நாங்கள்தானே?

மார்ச் 5, புதன்

வந்தார். தங்கச்சி என்று உரிமை கொண்டாடாமல் வரிசையில் நின்றே வந்தார். நானும் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "என்ன பிரச்சினை சார்?" என்று கேட்டேன்.

"பழுதெல்லாம் இல்ல. முடுக்கினா போக மாட்டேங்குது."

உள்ளதை உள்ளபடி சொன்னார். திரையில் இரண்டே பொத்தான். ஒன்று 'பழுது'. இன்னொன்று 'மனம் மாறியது'. இரண்டாவதை அமுக்கினால் பத்தில் ஒரு பங்கைப் பிடித்துக்கொள்வார்கள். நான் 'பழுது' அமுக்கினேன். போன தடவையும் அதைத்தான் அமுக்கினேன். இவ்வளவு பெரிய கடை, இதனாலா முழுகிப்போகும்?

மார்ச் 6, வியாழன்

சந்தேகம் இன்று இரண்டு தடவை கவுண்டருக்கு வந்தான். திரும்பி வரும் சாமான்களைச் சோதிப்பது அவன் வேலை. பீரோவைப் பூட்டிவிட்டு இழுத்துப் பார்ப்பான், படியிறங்கி, மறுபடி ஏறி வந்து இழுத்துப் பார்ப்பான். அதனால் அந்தப் பெயர். சேர்ந்து ஆறு மாதம் ஆகப்போகிறது. வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. வீட்டில் கைக்குழந்தை.

"அக்கா, நேத்து வந்த பிராசசர்ல என்ன பழுதுன்னு சொன்னாங்க? எனக்கு நல்லாத்தானே ஓடுது."

அடிக்கடி உறைந்துபோகிறதாம் என்றேன். என் வாய் எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டது! முழுப் பொய்யும் இல்லையே, முடுக்கினால் உறையத்தானே செய்கிறது என்று எனக்கு நானே சமாதானம் வேறு.

மார்ச் 7, வெள்ளி

இன்னும் தேடுகிறான். போர்டை மாற்றினான், மெமரியை மாற்றினான். மத்தியானம் சாப்பிட வரவில்லை.

மார்ச் 9, ஞாயிறு

காய்கறிக் கடையில் திட்டு வாங்கினேன். வெண்டைக்காய் நுனியை ஒடித்துப் பார்த்துத்தான் நான் வாங்குவேன், எல்லோரும் அப்படித்தான். கடைக்கார அம்மா என் கையைப் பிடித்து நிறுத்தி, ஒடித்ததையெல்லாம் யார் தலையில் கட்டுவது என்று கேட்டார். ரோஷத்தில் முற்றல், பிஞ்சு எல்லாவற்றையும் அள்ளிப் போட்டு வாங்கி வந்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்து அண்ணனிடம் சண்டை பிடித்தேன். நீங்கள் செய்வது இதுதானே, நல்லதாகக் கிடைக்கிறவரை ஒடித்து ஒடித்துக் கூடையில் போடுகிறீர்கள், அடுத்து வருகிறவனுக்குக் கழிசல்தானே கிடைக்கும் என்றேன். அவர் கோபப்படவில்லை. கழிசல் எங்கே வந்தது, பெட்டியில் எழுதிய வேகத்துக்கு அது தங்கமாக ஓடும், முடுக்காத ஆளுக்கு வித்தியாசமே தெரியாது என்றார். அதுவும் நியாயமாகத்தான் பட்டது. அப்புறம் எனக்கு ஏன் இந்த எரிச்சல்? வெண்டைக்காயை அண்ணி முற்றல் வேறு, பிஞ்சு வேறாகப் பிரித்து நறுக்கினார்.

மார்ச் 10, திங்கள்

இன்று என் காதுபடவே நடந்தது. சோதனை அறைக் கதவு திறந்திருந்தது. மேனேஜர் கத்தவில்லை, கத்தியிருந்தால்கூடத் தேவலை.

"கஸ்டமருக்கு வீட்ல தெரியுற பழுது ரெண்டு தடவையும் உங்களுக்குத் தெரியலைன்னா, உங்களை நிரந்தரமாக்கச் சொல்லி நான் எப்படி எழுதுறது?"

சந்தேகம் தலையைக் குனிந்துகொண்டே, இன்னும் ரெண்டு நாள் கொடுங்க சார் என்றான். நான் ரசீதுச் சுருளை மாற்றுகிறவளாட்டம் நின்றேன். சுருள் தீரவே இல்லை.

மார்ச் 11, செவ்வாய்

ராத்திரி அண்ணன் மேல் பாய்ந்தேன். உங்க விளையாட்டால ஒருத்தன் வேலை போகப்போகுது, போட்டி கீட்டின்னு இனிமே இந்த வீட்ல... என்னென்னவோ கத்தினேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "நான் பழுதுன்னு சொன்னேனா?" என்றார், அவ்வளவுதான்.

சொல்லவில்லை. இல்லை என்றுதான் சொன்னார். என் முகத்துக்கு நேராகத்தான் சொன்னார். ஒரு வாரமாக இவரை நிறுத்தி வைத்து வழக்கு நடத்துகிறேனே, பொய் யார் வாயிலிருந்து வந்தது? ஒடித்துப் பார்க்கலாம், பிடிக்காவிட்டால் கீழே வைக்கலாம். புழு இருந்தது என்று சொன்னவள் நான். அதைத் தேடித் தேடி ஒருத்தன் சோறு தண்ணி இல்லாமல் கிடக்கிறான்.

தூக்கம் எங்கே வரும்?

மார்ச் 12, புதன்

காலையில் நேரே சோதனை அறைக்குப் போனேன். அவன் அதை மேஜையில் ஓடவிட்டு, கன்னத்தில் கை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தான். கண் சிவந்திருந்தது. என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றான்.

"அக்கா, எனக்குத்தான் வேலை தெரியலையோ?"

"அதுல பழுதே இல்ல தம்பி. கொண்டுவந்தது எங்க அண்ணன். பழுதுன்னு போட்டது நான்."

அவன் மிஷினை நிறுத்தினான். பிராசசரைக் கழற்றித் துடைத்துப் பெட்டியில் வைத்தான், மூடினான். அப்புறம்தான் கேட்டான்.

"முதல் தடவையும் நீங்கதானா?"

"ஆமா."

"வீட்ல கூட சொன்னேன்க்கா, எனக்கு இந்த வேலை லாயக்கில்ல போலன்னு."

அவன் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அங்கிருந்தே மேனேஜர் அறைக்குப் போனேன். சொல்லிவிட்டேன். எழுதிக் கொடுக்கச் சொன்னார், எழுதிக் கொடுத்தேன். கையெழுத்து என்னுடையது போலவே இல்லை.

மார்ச் 14, வெள்ளி

வேலை போகவில்லை. கவுண்டர் போயிற்று. இனி பின்கட்டில் பேக்கிங். முதல் பிராசசருக்குப் பிடிக்காமல் விட்ட பத்தில் ஒரு பங்கை என் சம்பளத்தில் பிடிப்பார்கள்.

சாயங்காலம் அண்ணன் கடைக்கு வந்தார், நான் கூப்பிடவில்லை. மேனேஜரிடம் பேசி, கடை கொடுத்த பணத்தைத் திருப்பிக் கட்டி, அந்தப் பிராசசரை எடுத்துக்கொண்டார். என்னோடு சேர்ந்தே வீட்டுக்கு நடந்தார். வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போது, திருப்பிக் கொடுத்தது தப்பில்லை என்றுதான் இப்பவும் நினைக்கிறேன் என்றார். நானும் அப்படித்தான் நினைக்கிறேன் என்றேன். ரெண்டு பேருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. எனக்குக் கொஞ்சம் அழுகையும்.

மார்ச் 30, ஞாயிறு

போட்டி முடிந்தது. கடைசிக்கு முந்தின இடம். அண்ணி கேக் வாங்கி வந்து, யார் அந்தப் பாவம் கடைசி என்று கேட்டார். அண்ணன் அந்த ஆளின் கம்ப்யூட்டரைப் பற்றி அரை மணி நேரம் வருத்தப்பட்டார்.

ஏப்ரல் 2, புதன்

சந்தேகத்தை நிரந்தரமாக்கிவிட்டார்கள். நேற்று ஆர்டர் வந்ததாம், எனக்கு இன்றுதான் தெரியும். பின்கட்டுக்கு எல்லாச் செய்தியும் ஒரு நாள் தாமதமாகத்தான் வருகிறது.

மத்தியானம் மிட்டாய்ப் பெட்டியோடு எல்லா மேஜைக்கும் வந்தான். என்னிடமும் வந்தான், விட்டுவிட்டுப் போகவில்லை. அட்டைப்பெட்டிகளுக்கு நடுவே வழி பார்த்து உள்ளே வந்து, பெட்டியை இரண்டு கையாலும் நீட்டினான்.

"எடுத்துக்கங்க மேடம்."

ஒன்று எடுத்துக்கொண்டேன். குழந்தை எப்படி இருக்கிறது என்று கேட்டேன். நன்றாக இருக்கிறது, நடக்க ஆரம்பித்துவிட்டது என்றான்.