நாவப்பழக் கலர்

ஆவணி 15, ஞாயிறு.

நீண்ட ஆலோசனைக்குப் பின் இன்று காலை ஒரு முடிவெடுத்தேன்: பெண் பார்க்க வருகிறவர்கள் முன் மகள் கட்டப்போகும் புடவை கறுப்பு அல்ல, நாவல்பழ நிறம். விக்டோரியா காலத்து ஆங்கிலப் பத்திரிகைகளில் நாவல்பழம் போன்ற பிளாக்பெர்ரி நிறம் சீமாட்டிகளின் நாகரிகம் என்று படித்திருக்கிறேன்.

"அறந்தாங்கிக்கு அந்தப் பேப்பர் வராதுங்க," என்றாள் மனைவி.

மூன்று வருடத்தில் மகளே சரி என்று சொன்ன முதல் வரன் இது. இருந்தும் அவளிடம், "இதையே கட்டு" என்றேன்.

மாலையில் வந்த பையனின் அம்மா உட்காரும் முன்பே கேட்டார்.

"நல்ல காரியத்துக்குக் கருப்புங்களா?"

"நாவப்பழக் கலருங்க," என்றேன்.

"பழம்னா காக்காய்க்குப் போடுங்க. எம் மகனுக்கு எதுக்கு?"

மகள் காபித் தட்டோடு நின்றுகொண்டிருந்தாள். யாரும் எடுக்கவில்லை. போகும்போது பையனின் ஜாதகத்தைத் திருப்பி வாங்கிக்கொண்டார்கள்.