இரவல் கண்ணாடி

போன இடத்திலும் சும்மா இருக்க மாட்டாய் என்று நான் நம்புகிற என் அருமை மாப்பிள்ளை சின்னக்கண்ணுக்கு, உன் மச்சான் எழுதுவது.

எழுதுவது என்றா சொன்னேன்? சொல்வது நான், போனில் தட்டுவது மருமகள் செல்வி. நான் கைநாட்டு என்பது உனக்குத் தெரியாததா?

நீ போய்ச் சேர்ந்த பிறகு நான் தட்டுக்கெட்டு நிற்பது பஸ்ஸில்தான். அன்னவாசலில் படுக்கையாகக் கிடக்கும் என் அக்காவைப் பார்க்கச் செவ்வாய்தோறும் இலுப்பூரில் வண்டி மாறுவோமே, அங்கே போர்டு படிப்பது உன் வேலை. நீ இல்லாமல் நான் டிரைவரின் மீசையை வைத்து வண்டியை அடையாளம் கண்டேன். அந்த மனுசன் வேண்டுதலுக்கு மொட்டை போட்டு மீசையையும் எடுத்துவிட்டான். அதே மாதிரி மீசை இன்னொரு வண்டியில் இருந்தது. ஏறினேன். விராலிமலையில் கொண்டுபோய் இறக்கிவிட்டார்கள்.

மகன் முருகேசன் தேடி வந்து கூட்டிப்போனான். வீட்டு வாசலில் சொன்னான்: “இன்னொரு தடவ தொலைஞ்சீங்க, அப்பறம் தனியா விடமாட்டேன்ப்பா. நேரம் கெடைக்கையில நானே கூட்டிட்டுப் போறேன்.”

அவனுக்கு நேரம் கிடைப்பது அக்னி நட்சத்திரத்தில் ஆறு ஓடுவது மாதிரி. அதுவரைக்கும் அக்கா இருக்க வேண்டாமா?

போன செவ்வாய் இலுப்பூர் பஸ் ஸ்டாண்டில் நின்றேன். ஒரு வண்டி வந்தது. பக்கத்தில் ஒயர் கூடையோடு ஓர் அம்மா, அம்பது வயசு இருக்கும். என் வழக்கமான பொய்யை அவிழ்த்தேன். கண்ணாடியை மறந்துவிட்டு வந்துவிட்டேன், போர்டில் என்ன போட்டிருக்கிறது என்று கேட்டேன். இதைக் கேட்டால் யாரும் படித்துச் சொல்லிவிட்டுப் போவார்கள். அந்தப் புண்ணியவதி என்ன செய்தாள் தெரியுமா? தன் கண்ணாடியைக் கழற்றி, முந்தானையில் துடைத்து, என் கையில் கொடுத்தாள்.

“போட்டுப் பாருங்கய்யா. பாவம், கண்ணு தெரியாம எம்புட்டுச் சங்கடம்.”

போடாமல் இருக்க முடியுமா? போட்டேன். நன்றாகத் தெரிந்த பஸ்ஸும் தெரியாமல் போய்விட்டது. புகைக்குள் ஒரு யானை நிற்பது போல இருந்தது. மானத்தைக் காப்பாற்ற வேண்டுமே! “அட, நம்ம அன்னவாசல் வண்டிதான்” என்று சொல்லிவிட்டு, நடக்கத் தொடங்கினேன். கண்ணாடி என் மூக்கிலேயே இருந்தது. படியில் கால் வைக்கும்போது அவள் ஓடி வந்து என் தோள்துண்டைப் பிடித்தாள்.

அது மணப்பாறை வண்டியாம்.

அவள் என் முகத்தைப் பார்த்தாள். புரிந்துகொண்டாள் மாப்பிள்ளை. எனக்கு அங்கேயே மண்ணுக்குள் போய்விடலாம் போல இருந்தது. ஆனால் அவள் சிரிக்கவில்லை. கண்ணாடியை வாங்கி வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து அதைத் திட்டினாள்.

“இந்தக் கண்ணாடியே சரியில்லைங்கய்யா. நேத்து என்னையும் இப்புடித்தான் ஏமாத்திருச்சு.”

அதற்குப் பிறகு வந்த வண்டியையெல்லாம் கண்ணாடியைச் சோதிப்பது போலச் சத்தமாகப் படித்துக்கொண்டே இருந்தாள். அன்னவாசல் வழி வண்டி வந்தது. என்னை ஏற்றி உட்காரவைத்தாள். நீங்க ஏறலையா என்று கண்டக்டர் கேட்டார்.

“நான் மணப்பாறை போகணும் தம்பி,” என்றாள்.

அந்த வண்டி எப்போதோ போய்விட்டிருந்தது.

அக்காவிடம் சொன்னேன். கட்டிலே ஆடுகிற மாதிரிச் சிரித்தாள். “பொறந்ததுலேர்ந்து போடாத கண்ணாடிய எந்த ஊருலடா மறந்துட்டு வந்த?” என்றாள். அவள் அப்படிச் சிரித்துப் பார்த்து எத்தனை நாளாயிற்று. இதற்காகவே வாராவாரம் வண்டி மாறி ஏறலாம் போல இருந்தது. ஆனால் என் வெட்கத்துக்காக ஊர்ச் சனம் தங்கள் வண்டியை விட்டுவிட்டு நிற்பது என்ன நியாயம்?

செல்வி தட்டுவதை நிறுத்திவிட்டாள். “மாமா, இத உங்க மகன் படிச்சா உங்கள வெளியவே விடமாட்டாரே?” என்கிறாள்.

“படிக்கட்டும் ஆத்தா. தொலைஞ்சாத்தானே நிறுத்துவான்? கேட்டுப் போறவன் எங்கிட்டுத் தொலையிறது?”

அதனால் உனக்கு ஒரு வாக்குத் தருகிறேன் மாப்பிள்ளை. வருகிற செவ்வாய் இலுப்பூரில் இறங்கியதும், பக்கத்தில் நிற்பவர் யாரானாலும், “எனக்குப் படிக்கத் தெரியாதுங்க, அன்னவாசல் வண்டி வந்தாச் சொல்லுங்க” என்று வாய்விட்டுக் கேட்பேன்.

இப்படிக்கு,
தனியாகவே பஸ் ஏறப்போகும் உன் மச்சான்,
கருப்பையா