சிவப்பில் வர வேண்டிய வரி

மார்ச் 2

என்னங்க,

நீங்களும் சின்னதும் நலம்தானே? போனில் ஹலோ சொல்லி முடிப்பதற்குள் நமக்குள் சண்டை வந்துவிடுகிறது, இனிமேல் எழுதியே பேசுவோம் என்று சொன்னது நீங்கள்தான். அதுவும் நல்லதுக்குத்தான். எழுத்தில் என் குரல் உயராது.

இங்கே எல்லாம் அப்படியேதான். கீழே அலுவலகம், மேலே எங்கள் அறைகள். வேலைக்குப் போவதும் வீட்டுக்கு வருவதும் ஒரே படிக்கட்டு. வாசல் கதவு அட்டையைக் காட்டினால்தான் திறக்கும். சில வாரங்கள் தெருவையே பார்க்காமல் போய்விடுகின்றன.

அம்மாவுக்கு என்ன வேலை என்று சின்னது கேட்டாளாமே. இப்படிச் சொல்லுங்கள். ஆஸ்பத்திரி வார்டில் நர்ஸ்களுக்கு எதிரே ஒரு பெரிய திரை இருக்கும். நோயாளிகளின் விவரம் அதில் ஓடும். எந்த எழுத்து எந்த நிறத்தில், எந்த அளவில் வர வேண்டும் என்று எழுதி வைத்திருக்கும் கோப்புக்குப் பெயர் ஸ்டைல்ஷீட். அதைப் படித்துப் புரிந்துகொள்ளும் நிரல் பார்சர். அந்தப் பார்சர்தான் அம்மாவுடையது.

அதற்கு ஒரு குணம். கோப்பில் புரியாத வரி வந்தால் அதை விட்டுவிட்டு அடுத்ததற்குப் போய்விடும். வாயே திறக்காது. புதிதாக எழுதிய கோப்பைப் பழைய மெஷினும் படிக்க வேண்டும் என்பதற்காக வேண்டுமென்றே வைத்த ஏற்பாடு அது. விட்டதைச் சொல்லிவிட்டு விடட்டும் என்பது என் கட்சி. எந்த வரியில் என்ன பிழை என்று அறிக்கை தர வைக்கிறேன். அது முடிந்தால் ஊருக்கு வரலாம் என்று மேலாளர் சொல்லியிருக்கிறார்.

உங்கள்
வாயாடி

மார்ச் 9

அன்புள்ள வாயாடிக்கு,

நலம். சின்னதுக்கு முன்பல் ஒன்று விழுந்துவிட்டது. சிரித்தால் கிழவி மாதிரி இருக்கிறாள், அதனால் ஓயாமல் சிரிக்கிறாள். ஜடை பின்னக் கற்றுக்கொண்டேன். ஒரு பக்கம் ஏறி, ஒரு பக்கம் இறங்கித்தான் வருகிறது. "பரவால்லப்பா, திரும்பி நின்னா தெரியாது" என்று எனக்கே ஆறுதல் சொல்கிறாள்.

உன் பார்சரை நினைத்தால் எனக்குப் பயமாக இருக்கிறது. நான் பார்த்துக்கொள்ளும் லிஃப்டில் கதவு ஒரு விரல் அளவு மூடாவிட்டாலும் அங்கேயே நின்றுவிடும். உள்ளே இருப்பவர்கள் என் பரம்பரையையே இழுத்துத் திட்டுவார்கள். திட்டினாலும் உயிரோடு திட்டுவார்கள்.

ஒரு வருஷம் என்று வெளிநாடு போனாய். இது இரண்டாவது. பள்ளியில் டீச்சர், "அம்மா எங்கே?" என்று கேட்டாராம். "மாடியில இருக்காங்க" என்றாளாம் உன் மகள். நான் திருத்தவில்லை. எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது. மாடியில் இருக்கிறாய், கூப்பிட்டால் கேட்கவில்லை.

உன்
லிஃப்ட்காரன்

மார்ச் 15

என்னங்க,

உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்துவிட்டுத்தான் வேலைக்கு இறங்கினேன்.

அறிக்கை இப்போது வேலை செய்கிறது. முதலில் என்ன பிழை நடந்தாலும் கோப்பின் கடைசி வரியைக் காட்டிக்கொண்டிருந்தது. ஓர் அடைப்புக்குறியை மூடாமல் விட்டால், கோப்பு முடியும்போதுதானே பார்சருக்கே அது தெரியவருகிறது? கடைசி வரியைச் சொல்லி யாருக்கு என்ன லாபம்? ஒவ்வோர் அடைப்பும் எங்கே திறந்தது என்று ஞாபகம் வைத்துக்கொள்ளச் சொல்லிக்கொடுத்தேன். "இந்த வரியில் திறந்த அடைப்பு மூடப்படவே இல்லை" என்று பளிச்சென்று சொல்கிறது இப்போது.

சோதித்துப் பார்க்க ஓர் ஆஸ்பத்திரியின் கோப்பைக் கொடுத்தேன். அறிக்கை ஒரு வரியைக் காட்டியது. மேலாளரிடம் ஓடினேன்.

"ஒரு அடைப்பு மூடலை சார். அதனால அதுக்கு அடுத்து வர்ற நிற விதியைக் குப்பைன்னு நினைச்சுத் தூக்கிப் போட்டுடுது. இந்த நோயாளிக்கு இந்த மருந்து ஒத்துக்காதுன்னு சிவப்பா, பெரிசா வரணும். பொடி எழுத்துல, மங்கலான சாம்பல்ல வருது."

"எத்தனை நாளா?"

"ஒரு வருஷத்துக்கு மேல இருக்கும்."

"யாராவது புகார் பண்ணாங்களா?"

"கண்ணுக்கே தெரியாததை யாரு சார் புகார் பண்ணுவாங்க?"

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கெட்ட மனிதர் இல்லை. நான் காய்ச்சலில் கிடந்தபோது மருந்து வாங்கி வந்தவர். "இப்ப சொன்னா, இவ்வளவு நாள் ஏன் சொல்லலைன்னு கேப்பாங்கம்மா. அடுத்த பதிப்புல சத்தமில்லாம சரி பண்ணிடலாம். அதுவரைக்கும் உங்க அறிக்கையை அணைச்சு வைங்க" என்றார்.

அடுத்த பதிப்பு மழைக்காலம் கழித்து. "சோதித்த கோப்புகளில் பிழை ஏதும் இல்லை" என்று ஒரு தாள் என் மேசையில் கிடக்கிறது. அதில் நான் கையெழுத்துப் போட்டால் என் விடுப்பில் அவர் போடுவார். வெளியில் சொன்னாலோ, ரகசியம் காப்பேன் என்று சேரும்போது எழுதிக்கொடுத்தது இருக்கிறது.

என்ன செய்யட்டும்?

வாயாடி

மார்ச் 19

வாயாடி,

போட்டுவிட்டு வா.

எழுதிவிட்டு நான்கு தடவை படித்துப் பார்த்தேன். அந்த வரியை அடிக்கவில்லை. லிஃப்டைப் பற்றிப் பெரிதாக எழுதியவன் நான்தான், தெரியும். ஆனால் அந்த ஆஸ்பத்திரியில் உனக்கு யார் இருக்கிறார்கள்? இங்கே நாங்கள் இருக்கிறோம். அவர்கள் சத்தமில்லாமல் சரி செய்வதாகத்தானே சொல்கிறார்கள்? நீ ஒருத்திதான் உலகத்தைத் தாங்குகிறாயா?

நீ வரும் நாளுக்கென்று சின்னது ஒரு பாட்டுப் பழகுகிறாள். என்னைக்கூட அறைக்குள் விடுவதில்லை. இனியும் "அடுத்த மாசம்" என்று சொல்ல என் வாய் வராது.

வா.

மார்ச் 27

என்னங்க,

போடத்தான் உட்கார்ந்தேன். சத்தியமாக. பேனாவைத் திறந்தும் விட்டேன்.

அந்தக் கோப்பின் தலைப்பில் வார்டு தொலைபேசி எண் இருந்தது. ஒரு தடவை கேட்டுவிட்டுப் போடுவோம் என்று அழைத்தேன். தலைமை நர்ஸ் எடுத்தார்.

"உங்க திரையில ஒவ்வாமை வரி என்ன நிறத்துல தெரியுதுங்க?"

"அப்படி ஒரு வரி இருக்கா என்ன?"

"பேருக்குக் கீழே. கிட்டப் போய்ப் பாருங்க."

நாற்காலி நகரும் சத்தம். பேர் பேராக வாய்விட்டுப் படித்துக்கொண்டே வந்தார். ஒரு பேரில் குரல் தாழ்ந்தது. "ஜன்னலோரம் இருக்கற அம்மாவுக்கு இன்னிக்குச் சாயந்திரம் அந்த ஊசிதாங்க போடறதா இருந்தோம்." ஊசியை நிறுத்தச் சொல்லி யாரையோ கூப்பிட்டார். "நீங்க யாரு?"

"அந்தத் திரைக்குப் படிச்சுச் சொல்ற நிரல் என்னோடதுங்க" என்றேன்.

மேலாளரிடம் நானே போய்ச் சொன்னேன். அவர் திட்டவில்லை. "என்னம்மா பண்ணிட்டீங்க" என்று மட்டும் கேட்டார். மறுநாள் என் அட்டையை வாங்கிக்கொண்டார்கள். விசாரணை முடியும்வரை பாஸ்போர்ட் அவர்களிடம். எப்போது முடியும் என்று யாருக்கும் தெரியவில்லை. அறையில் இருக்கலாம் என்றார்கள். வெளியே போக யாரும் தடுக்கவில்லை, ஆனால் போனால் திரும்ப உள்ளே வர அட்டை இல்லை. அதனால் போவதில்லை. படிக்கட்டு வரை நடந்துவிட்டு வருகிறேன்.

சின்னதிடம் என்ன சொல்வீர்களோ. என்னைத் திட்டுங்கள், கேட்டுக்கொள்கிறேன். பேசாமல் மட்டும் இருக்காதீர்கள்.

உங்கள்
வாயாடி

ஏப்ரல் 11

என்னங்க,

கடிதம் இல்லை. போனும் எடுக்கவில்லை. பக்கத்து அறைக்காரி சாப்பாடு கொண்டுவந்து வைக்கிறாள். என்னோடு பேசினால் அவளுக்கும் ஆபத்து என்பதால், தட்டை வைத்துவிட்டுக் கண்ணாலேயே கேட்கிறாள். நானும் தலையை ஆட்டுகிறேன்.

அந்தக் கோப்பைச் சரி செய்துவிட்டார்களாம். மற்ற ஆஸ்பத்திரிகளுடையதையும் என் அறிக்கையை வைத்தே பார்க்கிறார்களாம். என்னைத்தான் கீழே கூப்பிடவில்லை.

ஒரு வரி போதும். கோபமாக இருக்கிறேன் என்றாவது.

வாயாடி

ஏப்ரல் 20

வாயாடி,

கோபமாக இருந்தேன். சாதாரணக் கோபமில்லை. ஜன்னலோரம் படுத்திருந்த அந்த அம்மாவின் மேலேயே கோபம். நான் என்ன மனுஷன் என்று எனக்கே வெட்கமாகிவிட்டது. அந்த வெட்கத்தோடு உனக்கு எப்படி எழுதுவது?

சின்னதிடம் உண்மையைச் சொல்லிவிட்டேன். "அம்மா ஒரு தப்பைக் கண்டுபிடிச்சுச் சொன்னாங்க. அதான் விடமாட்டேங்கறாங்க."

"தப்பைச் சொன்னா நல்லதுதானேப்பா?"

"நல்லதுதான்."

"அப்ப ஏன் விடமாட்டேங்கறாங்க?"

நான் அவள் ஜடையை அவிழ்த்து மறுபடி பின்னத் தொடங்கினேன். திரும்பிப் பார்த்து, "அப்ப நாமதான் போகணும்" என்றாள். பல்லு விழுந்ததுக்கு இருக்கும் அறிவு எனக்கு இல்லை, பார்.

எங்கள் இருவருக்கும் விசா வந்துவிட்டது. பள்ளிக்கு விடுமுறை. எனக்கு நீண்ட விடுப்புக் கொடுத்துவிட்டார்கள், முணுமுணுத்துக்கொண்டுதான். உன் அலுவலகம் இருக்கும் தெருவிலேயே ஓர் அறை பிடித்திருக்கிறேன். நாங்கள் வந்து கீழே நின்று கூப்பிடுவோம். பெட்டியை எடுத்துக்கொண்டு இறங்கி வா. திரும்ப உள்ளே போக அட்டை வேண்டாம். விசாரணைக்குக் கூப்பிட்டால் மூன்று பேருமாகப் போவோம். எத்தனை மாதம் ஆனாலும் சரி.

அறையில் ஒரே கட்டில்தானாம். நீயும் சின்னதும் படுத்துக்கொள்ளுங்கள். நான் தரையில் படுக்கிறேன். எனக்கு இன்னும் கொஞ்சம் கோபம் மிச்சம் இருக்கிறது.

உன்
லிஃப்ட்காரன்